ஓஸெம்பிக் முகம்: டொக்கு விழுந்த கன்னத்துக்கு ஒரு பிராண்ட் பெயர்

கன்னம் டொக்கு விழுந்துவிட்டது, கண் குழி விழுந்துவிட்டது, முகம் ஒட்டிப்போய்விட்டது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பார்த்தும், கவலையில் சாப்பாடு இறங்காதவரைப் பார்த்தும் நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் சொற்கள். இதே முகத்துக்கு இணையம், எடை குறையப் பலரும் போட்டுக்கொள்ளும் ஒரு ஊசி மருந்தின் பெயரை ஒட்டிவிட்டது: ஓஸெம்பிக் முகம்.

இந்தச் சொல்லை உருவாக்கியவர் என்று நியூயார்க் தோல் மருத்துவர் பால் ஜாரட் ஃபிராங்க்கைச் சொல்கிறார்கள். 2023 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியதும் சொல் காட்டுத்தீயாகப் பரவியது. அன்றிலிருந்து எந்த நடிகை கொஞ்சம் இளைத்து மேடையேறினாலும், பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டு, கீழே இந்த இரண்டு வார்த்தைகள் விழுகின்றன. சொல் குட்டிகளும் போட்டுவிட்டது. பின்புறம் தட்டையானால் அதற்கொரு ஓஸெம்பிக், மோதிரம் கழன்று விழுந்தால் அதற்கொரு ஓஸெம்பிக். (மெலிந்தவளின் கைவளை கழல்வதைப் பாடிப் பாடி அலுக்காத மொழி நம்முடையது. மோதிரத்தில் புதுமை ஒன்றுமில்லை.)

முதலில் பெயரிலேயே ஒரு கோணல். ஓஸெம்பிக் எடை குறைப்புக்கான மருந்தே அல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் கொடுத்தது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு. அதில் இருக்கும் செமாக்ளூடைட் என்ற அதே மூலக்கூறு, கூடுதல் அளவில், வீகோவி என்ற பெயரில் 2021 ஜூனில் எடை குறைப்புக்காக வந்தது. அடுத்து வந்த டிர்ஸெபடைட் வேறு மூலக்கூறு, வேறு கம்பெனி. அது சர்க்கரைக்கு மவுன்ஜாரோ, எடைக்கு ஸெப்பவுண்ட். மவுன்ஜாரோ போடுகிறவரின் கன்னம் ஒட்டினாலும் அதற்கும் ஓஸெம்பிக் முகம் என்றுதான் பெயர். போட்டிக் கம்பெனியின் பழியையும் ஓஸெம்பிக்கே சுமக்கிறது.

கோணல் பிராண்டோடு நிற்கவில்லை. இந்த மருந்துகளோடு வரும் தகவல் தாளில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் எல்லாம் பக்கவிளைவுகளாக இருக்கும். வீகோவியின் தாளில் முடி உதிர்தல்கூட உண்டு: மருந்து எடுத்த பெரியவர்களில் 3 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 1 சதவீதம். முகம் ஒட்டுவது அதில் இல்லை. கம்பெனி எதையோ மறைக்கிறது என்று இதை வைத்துக் கதை கட்டுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. பக்கவிளைவு என்றால் மருந்து தன் வேலையைத் தாண்டிச் செய்வது. இது மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்ததன் விளைவு.

மருந்து மூளையில் பசியை அடக்குகிறது, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. ஆள் குறைவாகச் சாப்பிடுகிறார். குறைகிற சக்தியைக் கொழுப்புச் செல்கள் ஈடுகட்டுகின்றன, அதில் அவை சுருங்குகின்றன. தொப்பையில் மட்டும் எடுத்துக்கொள், கன்னத்தைத் தொடாதே என்று உடம்புக்குச் சொல்ல வழி கிடையாது. எவ்வளவு போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வீகோவியின் முக்கியமான பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. டிர்ஸெபடைட் 15 மி.கி. எடுத்தவர்களுக்கு 72 வாரத்தில் 20.9 சதவீதம். 100 கிலோ ஆள் என்றால் 15 கிலோ, அல்லது 21 கிலோ. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியவர்களில் இந்த அளவைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இந்த முகத்தையும் இதற்குமுன் இத்தனை பேரிடம் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கும் இது பழகிய முகம்.

ஏன் முகத்தில் இவ்வளவு தெரிகிறது? இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முகத்துக் கொழுப்பு, கன்னத்தில் விரித்த ஒரே மெத்தை அல்ல. ரோரிக், பெஸ்ஸா என்ற இரு மருத்துவர்கள் சடலங்களின் முகத்தில் சாயம் செலுத்திப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். சாயம் முகமெங்கும் பரவவில்லை, செலுத்திய பைக்குள்ளேயே நின்றது. அதாவது தனித்தனித் தடுப்புகளுக்குள் அடைத்த சின்னச் சின்னத் தலையணைகள். தோலுக்கு நேர் கீழே ஒரு அடுக்கு, தசைக்கு அடியில் எலும்பை ஒட்டி இன்னொரு அடுக்கு. மேல் அடுக்கு முகத்துக்கு வழவழப்பான உருண்டை வடிவத்தைத் தருகிறது. கீழ் அடுக்கு முட்டுக்கொடுக்கிறது. இவற்றுக்கிடையே எலும்பிலிருந்து தோல்வரை ஓடும் நார்கள், கூடாரத்துக்கு அடித்த முளைக்கயிறு மாதிரி, தோலைச் சில இடங்களில் இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

இப்போது தலையணைகளில் இருந்து பஞ்சை உருவுங்கள். நெற்றிப்பொட்டில், அதாவது நெற்றியின் பக்கவாட்டில், முதலில் ஒரு குழி தெரியும், புருவத்தின் வால்நுனி இறங்கியது போல இருக்கும். கன்னத்தின் ஆழமான கொழுப்பு குறைந்ததும் கண்ணடிப் பள்ளம் நீண்டு, கருவளையம் இல்லாதவருக்கும் இருப்பதுபோல் நிழல் விழும். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடு ஆழமாகும். அந்தக் கோட்டில் புதிதாக எதுவும் நடக்கவில்லை, அதற்கு மேலே இருந்த முட்டு போய்விட்டது, அவ்வளவுதான். தாடையோரத்தில் நார் பிடித்திருக்கும் இடம் அப்படியே நிற்க, அதற்குப் பின்னால் இருக்கும் தளர்ந்த தோல் அதைத் தாண்டித் தொங்கும். எலும்பு மாறவில்லை, நார் மாறவில்லை, தோலின் பரப்பளவும் மாறவில்லை. உள்ளிருக்கும் கன அளவு மட்டும் குறைந்தது. வயிற்றில் சில கிலோ போனால் சட்டை மறைத்துவிடும். முகத்தில் இருக்கும் கொழுப்பே கொஞ்சம்தான். அதில் சில மில்லிலிட்டர் போனாலே எதிரில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

25 வயதில் இதே எடையைக் குறைத்தவரின் முகம் செதுக்கியதுபோல் அழகாகிறது, 55 வயதில் வாடுகிறது. வித்தியாசம் தோலில். தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் வயதோடு குறைந்துகொண்டே வருகிறது. இழுத்த தோலை மீண்டும் சுருக்கும் எலாஸ்டினை உடம்பு பெரியவர்களான பிறகு பெயருக்குத்தான் தயாரிக்கிறது. இருப்பதை வெயிலும் புகையும் தின்கின்றன. 186 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. 40 வயதுக்குக் கீழே இருந்த ஜோடிகளில் குண்டானவர் வயது கூடியவராகத் தெரிந்தார். 40-ஐத் தாண்டியவர்களில் அது தலைகீழ்: ஒல்லியானவர்தான் வயதானவராகத் தெரிந்தார். ஓஸெம்பிக் வருவதற்கு எட்டு வருடம் முன்பே வந்த முடிவு அது.

மருந்தே நேரடியாக முகத்துக் கொழுப்பை அழிக்கிறதா என்ற சந்தேகமும் உலவுகிறது. அப்படி ஒரு மருந்து எப்படி இருக்கும் என்பதற்கு வரலாற்றில் உண்மையான உதாரணம் இருக்கிறது. எச்.ஐ.வி.க்கு முன்பு கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்து, கன்னம், கை கால்களின் கொழுப்புச் செல்களையே சிதைத்தது. வயிற்றில் கொழுப்பு அப்படியே இருக்கும், கன்னம் மட்டும் குழிந்துபோகும். முகத்தைப் பார்த்தே நோயை ஊகித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அந்தக் கன்னங்களை நிரப்பத்தான் ஸ்கல்ப்ட்ரா என்ற ஊசிக்கு 2004-ல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. இன்று ஓஸெம்பிக் முகத்துக்கென்று விளம்பரப்படுத்தப்படும் ஊசிகளில் அதுவும் ஒன்று. ஸ்டாவுடின் செய்ததுபோல முகத்தைத் தேடிப்பிடித்துத் தாக்கும் வேலையை செமாக்ளூடைட் செய்வதாக நிறுவப்படவில்லை. உடம்பெங்கும் குறைகிறது, முகத்திலும் குறைகிறது.

போகிற எடை முழுதும் கொழுப்பு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வீகோவி பரிசோதனையில் 140 பேருக்கு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று காட்டும் ஸ்கேன் எடுத்தார்கள். குறைந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பல்லாத பகுதி. டிர்ஸெபடைட்டில் சுமார் நான்கில் ஒரு பங்கு. இது முழுக்கத் தசை என்று பதறவேண்டாம், தண்ணீரும் உறுப்புகளும் இதே கணக்கில்தான் வரும். ஆனால் கழுத்தும் தோளும் சரிந்து ஆளே தளர்ந்து தெரிவதில் தசைக்கும் பங்குண்டு.

சிகிச்சைக்குப் போகும் முன் செல்போனைச் சந்தேகப்படுங்கள். ஒரு அடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, ஐந்தடியில் எடுத்ததைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். கன்னமும் பக்கவாட்டும் பின்வாங்கும். தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் கண்ணடிப் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும். முந்தின நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்திருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றி முகம் சுருங்கியிருக்கும், அது இரண்டு நாளில் திரும்பிவிடும். உண்மையான மாற்றம் தெரிய வேண்டுமானால் போனை ஐந்தடி தள்ளி, கண் உயரத்தில், ஏதாவதொன்றின் மேல் நிறுத்தி, டைமர் வைத்து எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும். நேராக ஒன்று, இரு பக்கமும் பாதி திரும்பி ஒவ்வொன்று. சிரிக்கக் கூடாது. முதல் ஊசிக்கு முன்பு ஒரு தடவை, பிறகு மாதம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம். அன்றைய எடையையும் டோஸையும் படத்தின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

எடை குறையும்போதே செய்ய முடிந்தவை உண்டு. முதலாவது வேகம். வீகோவி வாரம் ஒருமுறை 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறுகிறது. இந்த ஏணி குமட்டலைத் தணிப்பதற்காகப் போட்டது. கடைசிப் படிக்கு எல்லோரும் ஏறியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. ஆரம்ப வாரங்கள் கழிந்த பிறகும் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் (90 கிலோ ஆளுக்கு 900 கிராம்) தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், அடுத்த படிக்கு ஏறாமல் இருக்கும் டோஸிலேயே நிற்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பேனா ஊசியின் கிளிக்குகளை எண்ணித் தானாகவே டோஸைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் இணையத்தில் ஓடுகிறது. அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது புரதம். ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 80 கிலோவுக்கு 96 முதல் 128 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பசியே இல்லாதவர் இவ்வளவு சாப்பிடுவது எளிதல்ல, நாலு வாயில் வயிறு அடைத்துவிடும். அதனால் தட்டில் புரதம் எதுவோ அதை முதலில் முடித்துவிட்டு மற்றதைத் தொடுவது ஒன்றே வழி. கொலாஜன் பவுடரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமே இல்லை, முழுப் புரதமாகாது. இதோடு வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. தசையைக் காக்கும், கழுத்தையும் தோளையும் நிமிர்த்தி வைக்கும். கன்னத்தை நிரப்பாது.

முகப் பயிற்சி கன்னத்தை நிரப்புமா? 2018-ல் ஒரு சிறு ஆய்வு நடந்தது. தினமும் அரைமணி என்று ஆரம்பித்து 20 வாரம். 27 பெண்கள் சேர்ந்தார்கள், 16 பேர்தான் முடித்தார்கள். முடித்தவர்களுக்குக் கன்னம் கொஞ்சம் நிறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. மீதி 11 பேர் ஏன் விட்டார்கள் என்பது தினமும் அரைமணி நேரம் கன்னத்தை உப்பிப் பார்த்தால் புரியும்.

தோலுக்கு சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப் 30-க்கு மேல், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகக் கோடு இழுத்த அளவு. இரவில் டிரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை க்ரீம் 0.025 சதவீதம், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு நாள். கர்ப்பமாகத் திட்டமிடுகிறவர்களுக்கு டிரெட்டினாயின் வேண்டாம், செமாக்ளூடைட்டையும் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

இனி நிரப்புகிற விஷயம். இங்கேதான் பணமும் முகமும் சேர்ந்து கெடுகின்றன, அதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது கன்னத்தில் ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் செலுத்தி நிரப்பும் பொருள்) போட்டால், அடுத்த மூன்று மாதத்தில் அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பு மேலும் வற்றும். ஃபில்லர் மட்டும் திட்டுத்திட்டாகத் துருத்தி நிற்கும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. செமாக்ளூடைட் பரிசோதனையில் மருந்தை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவிட்டது. முகம் மிகவும் ஒட்டியிருந்த மாதத்தில் அளவெடுத்து நிரப்பியவருக்கு, எடை திரும்பியதும் முகம் உப்பிவிடும். எடை ஒரே இடத்தில் மூன்று முதல் ஆறு மாதம் நிற்கட்டும். அதுவரை கன்னம் எங்கும் ஓடிவிடாது.

அதிகம் பயன்படுவது ஹைலூரானிக் அமில ஃபில்லர். ஒரு சிரிஞ்சில் 1 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. 20 கிலோ இழந்த முகத்தை இதில் ஒன்றை வைத்து நிரப்ப முடியும் என்று யாராவது சொன்னால் கணக்கு இடிக்கிறது. மூக்கோரக் கோட்டைக் காட்டி இதை நிரப்புங்கள் என்று கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. கோடு விளைவு, காரணம் மேலே இருக்கிறது. கன்ன எலும்பின்மேல் ஆழமாகவும், நெற்றிப்பொட்டிலும் முட்டுக்கொடுத்தால் கோடு பாதி தானாகவே தளரும். கோட்டிலேயே திணித்தால் வாயைச் சுற்றி முகம் முன்னே தள்ளிக் குரங்குச் சாயல் வந்துவிடும். கண்ணடிப் பள்ளம் கடைசி. அங்கே தோல் காகிதம் மாதிரி, மேலாகப் போட்டால் நீலம் பாரித்துத் தெரியும்.

ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும், அபூர்வமாகப் பார்வையே போகும். ஊசி போட்ட இடம் வெளுத்தாலோ, வலை பின்னியதுபோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். ஹைலூரானிக் அமிலத்தைக் கரைக்க ஹைலூரானிடேஸ் என்ற ஊசி இருக்கிறது, அதை உடனே போட வேண்டும். ஊசி போடுகிற இடத்தில் அது கையிருப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கல்ப்ட்ரா போன்ற பாலிலாக்டிக் அமில ஊசி வேறு வழியில் வேலை செய்கிறது. தானாக நிரப்பாது, உடம்பைக் கொலாஜன் உருவாக்கத் தூண்டும். சில வார இடைவெளியில் பெரும்பாலும் மூன்று சிட்டிங், பலன் தெரிய மாதங்கள் ஆகும். போட்ட அன்று தெரியும் உப்பல் வெறும் தண்ணீர், சில நாளில் வடிந்து ஏமாற்றும். வீட்டில் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து தடவை, ஐந்தைந்து நிமிடம் தேய்த்துவிடச் சொல்வார்கள், மருந்து ஓரிடத்தில் தங்கிக் கட்டியாகாமல் இருக்க. இதைக் கரைக்க மாற்று ஊசி கிடையாது. சொந்தக் கொழுப்பை வயிற்றிலிருந்து எடுத்து முகத்தில் வைப்பதும் உண்டு. அதில் எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தங்கியது உயிருள்ள கொழுப்பு, எடை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

தோல் தொங்குவதற்கு ஃபில்லர் மருந்தல்ல. தொங்கலைத் தூக்கும் வரை நிரப்பினால் முகம் தலையணை ஆகிவிடும். சூடேற்றித் தோலை இறுக்கும் கருவிகளில், வெப்பம் ஆழமாக இறங்கிவிட்டால் மிச்சமிருக்கும் கொழுப்பும் உருகும், ஒட்டிய முகத்துக்கு அது நேரெதிர் வைத்தியம். அதிகமாகத் தொங்கினால் அறுவை சிகிச்சைதான். அப்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது: மருந்து எடுப்பதை. மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உணவு தங்கியிருந்தால் நுரையீரலுக்குள் ஏறிவிடும். இந்த மருந்தால் வயிறு மெதுவாகக் காலியாவதால், அறுவை சிகிச்சைக்கு முன் வழக்கமாக இருக்கும் பட்டினி நேரம் இவர்களுக்குப் போதாமல் போகலாம். கடைசி ஊசி எந்தத் தேதி, எத்தனை மி.கி. என்று மயக்க மருத்துவருக்குத் தெரிந்தால்தான் ஊசியை நிறுத்தவோ, முந்தின நாள் திரவ உணவு மட்டும் போதுமென்று சொல்லவோ அவரால் முடியும். எடை குறைய ஊசி போட்டதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். அந்தக் கூச்சத்தில் இந்த இணையச் சொல்லுக்கும் பங்கிருக்கிறது என்பது என் எண்ணம். நேற்றுவரை குண்டு என்று கேலி செய்த அதே வாய், இன்று ஊசி முகம் என்கிறது.

கன்னத்துக்காக மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. நிறுத்தினால் எடை கன்னத்துக்கு மட்டும் திரும்பாது. போனது எல்லா இடத்திலிருந்தும், வருவதும் எல்லா இடத்துக்கும். குறைந்திருந்த ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே ஏறத் தொடங்கும். ஏற்கெனவே இதய நோய் இருந்த 17,604 பேரிடம் நடந்து 2023-ல் முடிவு வந்த பரிசோதனையில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு செமாக்ளூடைட்டால் 20 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட காரணத்துக்காக ஊசி போடுகிறவருக்குக் கன்னக்குழி சின்னச் செலவு. பத்து கிலோகூட அதிகமில்லாதவர், ஒரு விழாவுக்கு இளைத்துப் போக ஊசி போடுகிறார் என்றால் வரவு செலவு வேறு மாதிரி.

தோல் மருத்துவரிடம் போகும்போது ஐந்தடி தூரப் படங்கள், கடைசி ஆறு மாத எடை, டோஸ் ஏறிய தேதிகள் மூன்றையும் எடுத்துப் போங்கள். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, நின்ற பிறகு வாருங்கள் என்று ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்புகிறவர் கிடைத்தால், எடை நின்றதும் அவரிடமே போங்கள்.